கடைசல் மிசினுக்குக் கால் வைத்த கதை

அந்த மிசின் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்குக் கால் இல்லை. வாப்பாவின் மாட்டு வண்டியில், வைக்கோலுக்கு நடுவே, சாக்குப் போர்த்திப் படுத்துக்கொண்டு வந்தது.

வாப்பா, கண்டிப் பக்கத்து மடவளையிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு அரிசியும் கருவாடும் மண்ணெண்ணெயும் ஏற்றிப் போகிறவர். ஒரு தோட்டத்துத் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் புறப்பட்டபோது, அவருடைய பெட்டிகளைப் பேராதனை ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் இறக்கியவரும் வாப்பாதான். அந்தத் துரைக்கு ஓய்வு நேரத்தில் மரம் கடைவதில் ஆசையாம். சிறிய கடைசல் மிசின் ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். அதைத் தாங்கி நின்ற மரச் சட்டத்தைக் கறையான் தின்று தீர்த்துவிட, இரும்பு மட்டும் பங்களாவின் பின்புறத்தில் கிடந்தது. கப்பலில் ஏற்றும் யோக்கியதை அதற்கு இல்லை. வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று துரை சொல்ல, வாப்பா என்னை நினைத்து எடுத்து வந்துவிட்டார்.

உம்மா சாக்கை விலக்கிப் பார்த்தார். பெரிய சக்கரமும், காலால் மிதிக்கும் பலகையும், தோல் வாரும் கண்ணில் பட்டதும் முகம் மலர்ந்தது.

"தையல் மிசினா மகன்?"

"இல்ல உம்மா. மரம் கடையிற மிசின்."

"மரத்தக் கடைஞ்சி என்தியன் எடுக்கிற? வெண்ணையா?"

என் அக்கா ராத்தாவின் மாப்பிள்ளை, மடவளைக் கடைத்தெருவில் தையற்கடை வைத்திருந்த மச்சான், அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். சக்கரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல சாமான் மாமி. ஊசியும் இல்ல, காலும் இல்ல. மத்தெல்லாம் ஈக்கிது," என்றார்.

எங்கள் குடும்பத்தில் பாடசாலை வாங்குப் பலகையில் முதன்முதலாக உட்கார்ந்தவன் நான். கண்டியில் இங்கிலீஷ் படித்தேன். அங்கே மரவேலை வகுப்பும் உண்டு. இதைவிடப் பெரிய கடைசல் மிசின் ஒன்றில் நாங்கள் முறைவைத்துக் கடைந்தோம். நான் கடைந்த மெழுகுதிரிக் கால் ஒன்றை வாப்பா அலுமாரியில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். அவரைப் பொறுத்தவரை எழுத்து வேறு, கணக்கு வேறு, மரவேலை வேறு என்று ஒன்றும் இல்லை. படிப்பு என்றால் படிப்பு. எல்லாம் அதில் அடக்கம். வைத்தியம் தவிர வேறு எதைக் கேட்டாலும் என் மகனுக்குத் தெரியும் என்று நம்பினார். உத்தியோகம் ஒன்றும் கிடைக்காமல் வீட்டில் இருந்த எனக்கு அந்த நம்பிக்கை இதமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

நோன்பு நெருங்கிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, குத்பாப் பிரசங்கத்துக்காகப் பள்ளிவாசலின் மிம்பர் மேடையில் ஏறிய கத்தீபு படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்த இடம் கையோடு வந்துவிட்டது. கறையான் உள்ளே வேலையை முடித்து, மேலே வர்ணத்தை மட்டும் விட்டுவைத்திருந்தது. கத்தீபு வயதானவர், விழாமல் தப்பியது ஆண்டவன் செயல். தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் பேச்சு நடந்தது. பள்ளிக் காரியங்களைப் பார்க்கும் மத்திச்சம், கைப்பிடியையும் அதைத் தாங்கும் கடைசல் கால்களையும் முழுக்க மாற்றியாக வேண்டும், கண்டியிலிருந்து ஒரு பாஸை, தேர்ந்த தச்சரை, கூப்பிடுவோம் என்றார்.

"என்னத்துக்குப் பாஸ்?" என்று வாப்பா எழுந்தார். "என்ட மகன் இதெல்லாம் படிச்சீக்கான். மிசினும் வீட்டுல ஈக்கிது."

மத்திச்சம் என் பக்கம் திரும்பினார். "செய்யேலுமா மகன்?"

"மிசினுக்கு இன்னம் கால்..."

"ஏலும்," என்றார் வாப்பா.

"நோன்புக்கு முந்தி?"

"நோன்புக்கு முந்தி."

பள்ளியில் ஓதிக்கொடுக்கும் லெப்பை கைகளை உயர்த்தி "அல் ஃபாத்திஹா" என்றார். எல்லோரும் கை ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன், வேறு என்ன செய்ய? எங்கள் ஊரில் பேச்சு எவ்வளவு நீண்டாலும் அது வெறும் பேச்சுத்தான். கல்யாணமோ, காணிப் பங்கோ, கூட்டுக் கடையோ, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதிவிட்டால் காரியம் முடிந்தது. அதற்குமேல் கடுதாசியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஓதிய பிறகு பின்வாங்கியவன் அப்புறம் எந்தச் சபையில் வாய் திறந்தாலும் முன்னால் இருப்பவர்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். வாப்பாவின் பிழைப்பே வாய்ச்சொல்லில் நடந்தது. கடைக்காரர்கள் மூட்டைகளை நம்பி அவர் வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனது அந்தச் சொல்லுக்காகத்தான்.

ஆகவே மிசினுக்குக் கால் வைப்பது வாப்பாவின் சொல்லுக்குக் கால் வைப்பதாகிவிட்டது.

அன்று பிற்பகலே தொடங்கினேன். கொல்லையில் வாப்பாவின் பழைய வண்டி கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது. அதன் ஏர்க்காலை அறுத்து நான்கு கால்கள் எடுத்தேன். வண்டியின் அடிச் சட்டங்கள் குறுக்குச் சட்டங்களாயின. துளை வெட்டி, நாக்குச் செதுக்கி, ஆப்பு அடித்து இறுக்கினேன். மழையிலும் வெயிலிலும் மலைப் பாதைகளிலும் அடிபட்டுப் பழகிய மரம். உளி இறங்குவதற்கே சங்கடப்பட்டது. நான் மிகவும் கவனம் எடுத்தது உயரத்தில்தான். நிமிர்ந்து நின்றால் சுழலும் கட்டை கடைகிறவனின் முழங்கை மட்டத்தில் வரவேண்டும் என்பது பாடசாலையில் எழுதிக்கொண்ட பாடம். என் முழங்கை மட்டத்தை அங்கேயே ஒரு கமுகஞ் சிலாகையில், மெல்லிய குச்சியில், அடையாளமிட்டு வைத்திருந்தேன். அந்தச் சிலாகையை இப்போது எடுத்து, மிசினின் உயரத்தைக் கழித்து, கால்களை அதற்குச் சரியாக, ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல் அறுத்தேன். வாப்பா பக்கத்தில் குந்தியிருந்து சிலாகையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். எதையும் கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

பக்கத்துச் சாய்ப்பு அறையில், யன்னல் வெளிச்சம் விழும் இடத்தில், தாங்கியை நிறுத்தி மிசினை ஏற்றி ஆணி முடுக்கினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முதல் கட்டை பலா. மச்சான் கடையைச் சிறிது நேரம் சாத்திவிட்டு வந்திருந்தார். உம்மாவும் ராத்தாவும் கதவோரம் நின்றார்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தேன்.

சக்கரம் வேகம் எடுத்தது. கூடவே தாங்கியும் வேகம் எடுத்தது. மண் நிலத்தில் நான்கு கால்களும் மாறிமாறித் தத்தி, மிசின் மெல்ல மெல்லக் குசினிப் பக்கம் புறப்பட்டது. நான் ஒற்றைக் காலால் மிதித்துக்கொண்டு, மற்றக் காலால் அதன் பின்னால் நொண்டினேன். நடு அறையில் அலுமாரிக்குள் கோப்பைகள் கலகலத்தன. மெழுகுதிரிக் கால் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அத்தனைக்கும் நடுவில் உளியை வைத்தேன். உளி கட்டையைச் சீவவில்லை; கடித்தது. கட்டை பிய்த்துக்கொண்டு பறந்து, வாப்பாவின் தொப்பியைத் தட்டிவிட்டு, சுவரில் மோதி விழுந்தது.

சக்கரம் மட்டும் தன்பாட்டில் சுற்றி ஓய்ந்தது.

"மச்சான்," என்றார் மச்சான், "கால் வெச்சது சரி. கவுறு போட்டுக் கட்டி வெச்சீக்கணும்."

வாப்பா தொப்பியை எடுத்துத் தூசு தட்டிப் போட்டுக்கொண்டார். தலையைத் தடவிப் பார்த்தார். காயம் ஒன்றும் இல்லை. "மொத நாள்தானே," என்றார்.

அடுத்த நாட்களில் அடிச்சட்டத்தின் மேல் கல் ஏற்றிப் பார்த்தேன். மிசின் மெதுவாக நடந்தது, அவ்வளவுதான். கால்களுக்கு அடியில் பலகைத் துண்டு செருகினேன், துண்டுகள் தெறித்தன. உளி கடிப்பதும் நிற்கவில்லை. தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி நின்றன. பாடசாலையில் எனக்கு இப்படி ஒரு நாளும் ஆனதில்லை. கெட்டுப்போன கட்டைகளை உம்மா அடுப்புக்கு எடுத்துப் போனார். "வெறகு நல்லாத்தான் எரியுது மகன்," என்று அங்கிருந்து குரல் வந்தது.

வாப்பா வெளிக்கு ஒன்றும் காட்டவில்லை. ஆனால் தொழுது முடிந்ததும் முற்றத்தில் நின்று கதைக்கிற மனுஷன், இப்போது பக்கத்து வாசலால் இறங்கி நேரே வீட்டுக்கு வந்தார். பகல் சோற்றுக்குப் பிறகு அவருக்கு ஒரு தூக்கம் உண்டு. வண்டி கட்டாத நாளில் அது தவறாது. அதுவும் போய்விட்டது. பாயில் படுத்துக் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்ப்பார். எனக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"வாப்பா, மத்திச்சத்துக்கிட்ட நான் சொல்றன். பாஸையே கூப்பிடட்டும்."

அவர் கோபப்படவில்லை. எனக்குத் தெரிந்திருக்கும் என்பது போல, உண்மையாகவே கேட்டார்: "ஓதின ஃபாத்திஹாவத் திருப்பி எடுக்கேலுமா மகன்? அதுக்கு என்னமும் ஓதல் ஈக்கா?"

எழுந்து மறுபடி மிசின் பக்கம் போனேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பாடசாலையில் உதவி ஆசிரியர் வேலைக்காக என்னை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். பல மாதமாகப் பெட்டிக்குள் கிடந்த கோட்டையும், காலில் மாட்டும் தோல் சப்பாத்தையும் எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிக் கண்டிக்குப் போனேன். கேட்டதற்குப் பதில் சொன்னேன். பிறகு அறிவிப்போம் என்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த வேலையைப் பற்றி நினைக்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சாய்ப்பு அறைக்குள் நேரே போய், கோட்டைக்கூடக் கழற்றாமல் மிசினுக்கு முன்னால் நின்றேன். சண்டைக்காரனைப் பார்ப்பது போல அதைப் பார்த்து நின்றேன். கை தானாக உளி பிடிக்கும் வாகில் எழுந்தது.

முழங்கை சரியான இடத்தில் இருந்தது.

கீழே பார்த்தேன். சப்பாத்து. பாடசாலைக்கு எனக்குச் சப்பாத்து வாங்கியபோது, படிப்பு முடியும் வரைக்கும் தேயக்கூடாது என்று வாப்பா கண்டியில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி, அடியில் தடித்த தோல் அட்டையும் குதியில் அதற்கு மேல் இன்னொன்றும் ஆணி அடித்து வைத்திருந்தார். நடந்தால் குதிரை வருவது போலச் சத்தம் கேட்கும். வகுப்பில் அதற்காக எத்தனையோ கேலி கேட்டிருக்கிறேன். அந்தச் சப்பாத்தின் மேல் நின்றுதான் சிலாகையில் அடையாளமிட்டேன். வீட்டில் யார் சப்பாத்துப் போடுகிறார்கள்? வெறுங்காலோடு நின்று கடைந்தேன். என் தாங்கி, சப்பாத்துப் போட்ட ஒருவனுக்காகச் செய்த தாங்கி.

"சப்பாத்தோட உள்ளுக்கா?" என்று உம்மா வாசலில் வந்து நின்றார். "இப்பதான் மெழுகினன் மகன். தொழுற வூடு இது."

நான் சிரித்துக்கொண்டே கழற்றினேன். உம்மாவுக்கு அது இன்னும் கோபம். அன்று மாலை விஷயத்தைக் கேள்விப்பட்ட மச்சானோ, சப்பாத்தை எடுத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "படிப்பெல்லாம் இதுக்குள்ளதான் ஈந்திருக்கு மாமா. இவனுக்கிட்டத் தேடிட்டீந்தோம்," என்று வாப்பாவிடம் சொன்னார். வாப்பா அன்றுதான் பல நாளைக்குப் பிறகு சிரித்தார்.

உயரம் புரிந்தது, காலை இரண்டு விரல் அறுத்தால் போதும். ஆட்டத்துக்கு வழி தெரியவில்லை. மரம் அறுக்கும் வாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனபோது உம்மாவும் ராத்தாவும் நோன்புக்கு அரிசி மா இடித்துக்கொண்டிருந்தார்கள். உலக்கைகள் மாறிமாறி விழுந்தன. உரல் அசையவில்லை. பிறந்த நாளிலிருந்து பார்த்துவரும் உரல்தான். இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் நிற்கிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். வாளைக் கீழே வைத்தேன். காலை அறுக்கக் கூடாது, நீட்ட வேண்டும். நீட்டி, நிலத்துக்குள் இறக்கி, அந்த இரண்டு விரல் உயரத்தையும் அப்படியே விழுங்க வைக்க வேண்டும்.

உம்மாவிடம் சொன்னேன். உலக்கை நின்றது.

"என்ட நெலத்துல குழியா?"

"நாலே நாலு குழி உம்மா."

"நோன்புக்கெண்டு புத்து மண் கொண்டாந்து, தண்ணி தெளிச்சி, இடிச்சி, கல்லால தேச்சி, முதுகு முறிஞ்சி போட்ட நெலம். நாலு குழியாம். கொல்லையில கொண்டு போய்த் தோண்டு."

கொல்லையில் மழை. இரும்பு துருப்பிடித்துவிடும். சொன்னேன். அவர் மறுபடி இடிக்கத் தொடங்கிவிட்டார். அது பேச்சு முடிந்தது என்பதற்கு அடையாளம். வாப்பாவிடம் போனால், "அவட நெலம் அது. நானென்டாலும் கேட்டுட்டுத்தான் பாய் விரிக்கிற," என்றார்.

மறுநாள் காலை உம்மா கிணற்றடியிலிருந்து குடத்தோடு வேகமாக வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. குடத்தை வைத்துவிட்டு, தலைச் சீலையை இறுக்கிக்கொண்டு, கதவு மூலையில் சாத்தியிருந்த அலவாங்குக் கடப்பாரையை எடுத்தார்.

"என்ன உம்மா?"

"மத்திச்சத்துட பொஞ்சாதி சொல்றா, கட்டுகஸ்தோட்டைப் பாஸுக்கு ஆள் அனுப்பி வெச்சீக்காங்களாம். சும்மா, ஒரு காவலுக்காம்." அந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது அலவாங்கின் நுனி நிலத்தில் இறங்கிவிட்டது. "என்ட மனுஷன்ட சொல்லுக்குக் காவல் போடுற அளவுக்கு வந்திட்டாங்களா? எங்க தோண்டணும், காட்டு."

வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

கித்துள் மரத்தின் வைரத்தில் நான்கு துண்டு வெட்டி, பழைய வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையால் ஒவ்வொரு காலோடும் சேர்த்து இறுக்கினேன். மண்ணுக்குள் போகும் நுனியைக் கறையானுக்குப் பயந்து நெருப்பில் கருக்கித் தார் பூசினோம். மிதிபலகையின் தொங்கு கம்பியைச் சற்றுச் சுருக்கினேன். தாங்கியைக் குழிகளில் இறக்கி, வெறுங்காலோடு நின்று, முழங்கையை வைத்துப் பார்த்து, "இன்னம் கொஞ்சம், இன்னம் கொஞ்சம்" என்று இறக்கி, சுற்றிலும் கல்லும் மண்ணும் போட்டோம். உம்மா உலக்கையால் இடித்து இறுக்கினார். அரிசி மா இடிக்கிற அதே சீரில் இடித்தார். ராத்தா மறுபக்கம் நின்று சேர்ந்துகொண்டார்.

அப்புறம் மழை. கண்டிப் பக்கத்து மழை தெரிந்ததுதானே. ஈர மண் ஈரமாகவே இருந்தது. தொட்டால் விரல் பதிந்தது. நோன்பு தொடங்கும் தலைப்பிறை நெருங்க நெருங்க எனக்கு மிதித்துப் பார்க்கக் கை காலெல்லாம் துடித்தது. உம்மா விடவில்லை. சட்டியில் தணல் போட்டு ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் வைத்து, குழந்தைக்குச் சூடு காட்டுவது போல இடம் மாற்றி மாற்றி வைத்தார். கடைசியில் ஒரு நாள் காலையில், பெருவிரலால் நிலத்தை அழுத்திப் பார்த்துவிட்டு, குசினிக்குள் போனார். கோப்பை நிறையக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து மிசினின் மேல் வைத்தார்.

"மிதி. ஒரு சொட்டு என்ட நெலத்துல விழக்கூடாது."

மிதித்தேன். சக்கரம் வேகம் எடுத்தது. கோப்பியின் மேல் சின்னச் சின்ன வட்டங்கள் மட்டும் ஓடின. விளிம்பைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. பலாக் கட்டையில் உளியை வைத்தேன். மஞ்சள் சுருள் ஒன்று, நீளமாக, அறுபடாமல், என் மணிக்கட்டின் மேல் வந்து விழுந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் உம்மா. கோப்பியை எடுத்துத் தானே குடித்தார்.

அதற்குப் பிறகு வேலை வேலையாகவே இருந்தது. சொல்ல ஒன்றும் இல்லை. மிம்பர்க் கைப்பிடிக்கான கால்கள் ஒவ்வொன்றாக மிசினிலிருந்து இறங்கின. இரண்டு கெட்டன, மற்றவை சரி. மச்சான் கடைச்சீலைத் துண்டுகள் கொண்டுவந்து தேய்த்து மினுக்கினார். வாப்பா வண்டியிலேயே ஏற்றி, தான் முன்னால் நடந்து, பள்ளிக்குக் கொண்டுபோனார். நான் பொருத்தினேன். மத்திச்சம் வந்து ஒவ்வொரு காலையும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். வாப்பா தூரத்தில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளூச் செய்யும் தொட்டியடியில் நின்று, செய்து முடித்த ஒளூவையே மறுபடி செய்துகொண்டிருந்தார்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கத்தீபு மிம்பருக்கு வந்தார். கைப்பிடியை முதலில் விரல் நுனியால் தொட்டார். பாவம், அவருக்குப் பழைய ஞாபகம். பிறகு பிடித்தார். பிறகு முழுப் பாரத்தையும் போட்டு ஒவ்வொரு படியாக ஏறினார். ஒரு கிறீச்சுச் சத்தமும் இல்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த வாப்பாவின் தோள்கள், கயிறு அவிழ்த்த மூட்டை போல, மெல்லக் கீழே இறங்கின. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தொழுகை முடிந்ததும் பக்கத்து வாசலை விட்டு, முன் வாசலால் முற்றத்துக்குப் போய், நின்று கதைத்தார். எதைப் பற்றிக் கதைத்தார் என்று காது கொடுத்தேன். மாட்டுத் தீவனத்தைப் பற்றி.

வீட்டுக்கு வந்து சோறு தின்றார். பாயை விரித்தார். தலையணையில் தலை படுவதற்குள் குறட்டை கேட்டது.

மிம்பருக்கு வேண்டியதெல்லாம் முடிந்திருந்தாலும், ராத்தாவின் பிள்ளைக்கு ஒரு பம்பரம் கடைந்து தருவதாகச் சொல்லியிருந்தேன். வாப்பா எழும்பட்டும் என்று உளியைக் கையில் வைத்துக்கொண்டு சாய்ப்பு அறையில் சும்மா இருந்தேன். நடு அறையிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்குப் பாத்துட்டீக்கிற? மிதி."

"வாப்பா தூங்குறாரே."

"மிதி மகன்."

மிதித்தேன். சக்கரம் சுழன்றது, கட்டையிலிருந்து சீவல் பறந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் சும்மா இருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டைச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.